பெயர் பொறித்த ரிவால்வரை ஏலத்தில் எடுக்கும் முன்

பிரிட்டனில் நடக்கும் பழைய ஆயுதக் கண்காட்சிகளில் இப்போது நம்மவர்களையும் பார்க்கிறேன். அதிலும் இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு ரிவால்வர், அதை வைத்திருந்த அதிகாரியின் பெயரோடு ஏலத்துக்கு வந்தால் ஆசை பிறப்பது இயல்பு. அப்படி ஒன்றை 2022இல் ஏலத்தில் எடுத்து, அதன் பின்னால் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, பெரும் பணத்தை இழந்தவன் நான். வழிகாட்ட எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்பதற்காகத்தான் தொகைகளைக்கூட மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் சென்னையில் வளர்ந்தவன். மவுண்ட் ரோட்டில் நின்ற, பிரிட்டிஷ் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்ததையும், 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியதையும் படித்து வளர்ந்த தலைமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தச் சிலையை நேரிலும் பார்த்திருக்கிறேன். 1857 கலகத்தின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் செய்த கொடுமைகளை நம்மில் பலர் அறிவோம். ஆனால் அவர் தலைமையில் அங்கே போனது மெட்ராஸிலிருந்து கப்பலேறிய ஐரோப்பியர் படை, மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ், என்பது அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. வேலைக்காக லீட்ஸுக்கு வந்தபின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம் நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது. விடுமுறை நாட்களில் அங்கேயே கிடந்தேன். அந்தப் படையைச் சேர்ந்த ஒருவர் கையாண்ட ஒரு பொருள், நம் ஊரிலிருந்து அந்தப் பேரழிவுக்குப் போய்த் திரும்பிய ஒரு பொருள், என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. "ஆளைச் சுட்ட துப்பாக்கியை வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். சாட்சியை நம்மவர் ஒருவராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் இதில் தவறினால் போவது பணம் மட்டும் அல்ல. பிரிட்டனில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறத்தாழ முழுத் தடை. ஆனால் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58(2) பிரிவு, பழம்பொருளாக, அலங்காரத்துக்காகவோ சேகரிப்புக்காகவோ மட்டும் வைத்திருக்கும் துப்பாக்கிகளுக்கு விலக்கு தருகிறது. உலோகத் தோட்டா வருவதற்கு முந்தையவை, அதாவது சிலிண்டரில் வெடிமருந்தும் ஈயக்குண்டும் இட்டு, பின்னால் கேப்பு என்ற சிறு வெடிமூடியைச் செருகிச் சுடும் வகை, இந்த விலக்குக்குள் தெளிவாக வருகின்றன. தோட்டா போடும் வகை என்றால் அந்தத் தோட்டா அரசின் வழக்கொழிந்த தோட்டாப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், துப்பாக்கி 1939 செப்டம்பர் 1க்கு முன் தயாரானதாகவும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் மாறக்கூடியது. 2021 மார்ச் 22இல் புதிய விதிகள் வந்தபோது ஏழு வகைத் தோட்டாக்களுக்கு விலக்கு போய்விட்டது. ஜெர்மானிய ராணுவத்தின் 10.6 மில்லிமீட்டர், பிரெஞ்சு ராணுவத்தின் 1873ஆம் ஆண்டு மாடலுக்கான 11 மில்லிமீட்டர் இரண்டும் அவற்றில் அடக்கம். என் நண்பர் ஒருவர் ஜெர்மானிய ராணுவ ரிவால்வர் ஒன்றை ஆசையாக வைத்திருந்தார். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் உரிமம் பெற வேண்டும், இல்லையேல் விற்கவோ செயலிழக்கச் செய்யவோ ஒப்படைக்கவோ வேண்டும் என்ற நிலை வந்து, மனம் நொந்து அதைக் கைவிட்டார். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை, கேப்பு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கான கேப்பும் வெடிமருந்தும் வாங்கி ஒருமுறை சுட்டுப் பார்ப்போம் என்று எண்ணினாலே விலக்கு போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் எடுத்தது பியூமான்ட்-ஆடம்ஸ். ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் காப்புரிமை பெற்ற ரிவால்வரில், பொறியாளர் படை அதிகாரி ஃபிரெடெரிக் பியூமான்ட் 1856இல் செய்த திருத்தம் சேர்ந்தது. விசையை இழுத்த மாத்திரத்திலும் சுடலாம், குதிரை எனப்படும், கேப்பைத் தட்டும் பாகத்தைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிதானமாகவும் சுடலாம். ஐந்து குண்டு போடும். 54 போர் என்பார்கள், ஒரு பவுண்டு ஈயத்தில் 54 குண்டு வார்க்கும் அளவு. ஓக் மரப் பெட்டி, உள்ளே பச்சைத் துணி, மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு. பெட்டியின் மூடியில் ஒரு வெள்ளித் தகடு, அதில் அதிகாரியின் பெயரும் கேப்டன் என்ற பதவியும் 'ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்' என்ற படைப் பெயரும். கூடவே அவர் பேத்தி தட்டச்சு செய்து கையெழுத்திட்ட ஒரு கடிதம்: தாத்தா இதை லக்னோவில் இடுப்பில் அணிந்திருந்தார் என்று. அவர் வழிவந்தவர்கள் இன்றும் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

ஏல நிறுவனத்தின் பட்டியலில் இந்தக் கதை ஒரு பத்திக்கு மேல் விரிந்திருந்தது. நீல், அவரோடு லக்னோவை மீட்கப் படை நடத்திய தளபதி ஹேவ்லாக், கான்பூர், லக்னோ எல்லாம் அதில் வந்தன. நான்கைந்து முறை படித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. படை எங்கே போனது என்பதற்கு நாள் நாளாக விவரம் இருந்தது, அந்த மனிதர் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் 'குடும்பத்தினர் கூற்றுப்படி' என்று தொடங்கியது. இந்தச் சொற்களை எங்கே பார்த்தாலும் நிறுத்திப் படியுங்கள். 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'குடும்ப வழக்குப்படி' எல்லாம் ஏலக்காரர் தம் பொறுப்பைக் கழற்றி நம் தோளில் வைக்கும் இடங்கள். கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். குடும்பம் தந்த தகவலையே வெளியிட்டிருப்பதாகவும், பார்வைக்கு வைக்கும் நாட்களில் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. வேலை நாட்களில் இங்கிலாந்தின் தெற்கு முனைவரை போய்வர என்னால் முடியவில்லை. கேட்டுப் பெற்ற படங்களில் துப்பாக்கி அருமையாக இருந்தது. சட்டகத்திலும் சிலிண்டரிலும் ஒரே எண். திருகாணிகளின் தலைகள் சிதையாமல் இருந்தன. குழலில் லண்டன் ஆர்மரி கம்பெனியின் எல்.ஏ.சி. முத்திரை. 1856இல் தொடங்கிய நிறுவனம் அது, ஆகவே காலமும் பொருந்தியது.

பெயரில்லாத, இதே நிலையில் உள்ள பெட்டி ரிவால்வர்கள் அந்தச் சமயத்தில் 1,500 பவுண்டு அளவில் விலைபோனதைப் பழைய ஏல முடிவுகளில் பார்த்திருந்தேன். இணையத்தில் ஏலம் தொடங்கியபோது 1,200இல் ஆரம்பித்தது. 2,000 தாண்டியதும் இருவர் மட்டும் மிஞ்சினோம். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று மனம் தானாகவே சொல்லிக்கொண்டது. 3,200இல் சுத்தியல் என் பக்கம் தட்டப்பட்டது. கைகள் நடுங்கின, அழுகைகூட வந்தது. பிறகு பில் வந்தது. சுத்தியல் விலையின் மேல் வாங்குபவர் கமிஷன் 25 விழுக்காடு, 800 பவுண்டு. அந்தக் கமிஷனுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, 160. இணையத் தளத்துக்கு 3 விழுக்காடும் அதற்கான வரியும் சேர்த்து 115. ஆக மொத்தம் 4,275 பவுண்டு. ஒவ்வொரு 100 பவுண்டு ஏலக் கேட்புக்கும் ஏறத்தாழ 134 பவுண்டு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பை முடிவு செய்யும்போது கையிலிருந்து போகும் மொத்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவருவது இன்னொரு பாடு. பல கூரியர்கள் துப்பாக்கி என்றாலே எடுப்பதில்லை. விடுப்பெடுத்து, கார் ஓட்டிப் போய், பூட்டிய பெட்டியில் வைத்து, பில்லையும் உடன் வைத்துக் கொண்டுவந்தேன். வந்ததும் முதல் வேலையாகச் சிலிண்டரைக் கழற்றி ஒவ்வொரு அறையையும் பாருங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இட்ட மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருந்த துப்பாக்கிகள் உண்டு.

சந்தேகம் முளைத்தது அந்த வெள்ளித் தகட்டில்தான். ஒரு மாலை படையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 1857இல் அதன் பெயர் முதலாம் மெட்ராஸ் ஐரோப்பிய ஃப்யூசிலியர்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி முடிந்து, படை ராணியின் படையோடு சேர்க்கப்பட்ட 1860களின் தொடக்கத்தில்தான் 'ராயல்' என்ற அடைமொழியும், பிறகு 102ஆம் ரெஜிமென்ட் என்ற எண்ணும் வந்தன. 1881இல் அது ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1922இல் கலைக்கப்பட்டது. அப்படியானால் தகடு 1857க்குப் பல வருடம் பிந்தியது. வயிற்றில் ஏதோ கனத்தது. பெயர் பின்னால் பொறிக்கப்பட்டதாலேயே அது மோசடி என்றாகாது. ஓய்வுபெறும்போது அவரே செய்திருக்கலாம், பிள்ளைகளும் செய்திருக்கலாம். ஆனால் அது லக்னோவுக்குச் சாட்சி அல்ல.

இங்கே ஒரு அடிப்படையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலப் பிரிட்டிஷ் அதிகாரிகள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அரசு வழங்கியதல்ல. ஆகவே எந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த அதிகாரியிடம் என்று அரசுப் பதிவேடு இருக்காது. பதக்கம் சேர்ப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருக்கும், சரிபார்க்கப் பட்டியலும் இருக்கும். வில்கின்சன் வாள்களுக்கும் 1854 முதல் எண்ணிட்ட பதிவேடு உண்டு. ரிவால்வருக்கு அப்படியொரு நேரடிச் சான்று கிடைப்பது அரிது. ஆக, மனிதரின் ஆவணங்களைத் தேடித்தான் கதையைச் சோதிக்க முடியும். அந்த ஆவணங்கள் நன்றாகவே இருக்கின்றன. மெட்ராஸ் படை அதிகாரிகளின் பணிப்பதிவுகள் லண்டன் செயின்ட் பான்கிராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், இந்திய அலுவலக ஆவணங்களில், எல்/எம்.ஐ.எல்/11 என்ற வரிசையில் உள்ளன. வங்காளப் படைக்கு 10, பம்பாய்க்கு 12. கம்பெனிப் படையினருக்கான 1857 கலகப் பதக்கப் பட்டியல்களும் அதே தொகுப்பில். ராணியின் படையினருக்கு லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம். இரண்டிலும் வாசகர் அட்டை இலவசம். பதவி உயர்வுகளை அரசிதழான லண்டன் கெஜட்டில் இணையத்திலேயே தேடலாம்.

விடுப்பு கிடைத்தபோதெல்லாம் லீட்ஸிலிருந்து லண்டன் ரயிலேறினேன். பழைய கையெழுத்து பல இடங்களில் புரியாததால் ஆவண ஆய்வாளர் ஒருவருக்கு 240 பவுண்டு கொடுத்து உதவி பெற்றேன். விடை மெல்ல மெல்ல வந்தது. எங்கள் அதிகாரி 1840களில் பயிற்சி அதிகாரியாக மெட்ராஸ் வந்தவர். 1852இல் தொடங்கிய பர்மாப் போரில் பெகுவில் படையோடு இருந்தார். 1857 தொடக்கத்தில் உடல்நலமின்றி மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பில் இங்கிலாந்து போனார். 1858 கடைசியில்தான் திரும்பினார். கலகப் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1857 செப்டம்பர் 25இல் லக்னோவில் நீல் சுடப்பட்டு விழுந்தபோது, இந்த மனிதர் பெரும்பாலும் இங்கிலாந்தில் நோய்ப்படுக்கையில் இருந்திருப்பார். ரிவால்வரையே அந்த விடுப்பில்தான் லண்டனில் வாங்கியிருக்க வேண்டும், திரும்பிப் போகும்போது கையில் இருக்கட்டும் என்று. படை லக்னோவில் இருந்தது, தாத்தா அந்தப் படையில் இருந்தார், ஆகவே தாத்தா லக்னோவில் இருந்தார் என்று பேத்தி நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் கள்ளம் எதுவும் இல்லை. வாசக அறையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகல் ஏதோ துக்கச் செய்தி கேட்டவன்போல் ஆனேன். இல்லாத ஒரு சாட்சியை இத்தனை நாள் பாதுகாத்திருக்கிறோம் என்ற வேதனை சுலபத்தில் போகவில்லை.

ஏல நிறுவனத்துக்கு நகல்களோடு எழுதினேன். அவர்களின் நிபந்தனைகளில், வேண்டுமென்றே செய்த போலி என்று குறிப்பிட்ட காலத்துக்குள் நிரூபித்தால் மட்டுமே பணம் திரும்பும் என்று இருந்தது. துப்பாக்கி அசல், பெட்டி அசல், கடிதம் அசல், குடும்பக் கூற்றைக் கூற்று என்றுதான் சொன்னோம் என்றார்கள். காலக்கெடுவும் முடிந்திருந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டதில், வழக்குச் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டும் என்றார். எனக்குக் கடுங்கோபம். நாள் நாளாகப் போர் வரலாறு எழுதத் தெரிந்த பட்டியல்காரருக்கு 'ராயல்' என்ற ஒரு சொல்லின் காலம் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம், இன்றும்.

சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் 'பொருளை வாங்கு, கதையை வாங்காதே' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதைக்காகத்தானே வருகிறோம், வெறும் இரும்பு வேண்டுமென்றால் பெயரில்லாததை எடுக்கலாமே. ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை போடுங்கள். பெயரில்லாத அதே துப்பாக்கிக்கு என்ன தருவீர்கள் என்பது ஒரு எண். அதற்கு மேல் தருவது, ஏலத்துக்கு முன்பே நீங்கள் சரிபார்க்க முடிந்த காகிதத்துக்கு மட்டும். பட்டியல் வெளியான நாளே மூன்றைப் பாருங்கள்: தகட்டில் உள்ள படைப் பெயர் எந்த ஆண்டுக்குரியது, அந்த ஆண்டு அவருக்கு அந்தப் பதவி இருந்ததா, சொல்லப்படும் போரின் பதக்கப் பட்டியலில் அவர் இருக்கிறாரா. முதல் இரண்டுக்கு ஒரு மாலை போதும். மூன்றாவதற்கு ஆய்வாளருக்குக் கொடுக்கும் 100, 200 பவுண்டு, ஏலத்தில் தோற்றாலும் வீணல்ல. பொறிப்பைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றியுள்ள உலோகம் தேய்ந்து மழுங்கியிருக்க, எழுத்தின் ஓரம் மட்டும் கூர்மையாக இருந்தால் அது பின்னால் வந்தது. தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளையும், பெட்டியின் உள் அறைகள் துப்பாக்கியின் வடிவத்துக்குப் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். நிபந்தனைகளில் திருப்பித் தரும் காலக்கெடுவைக் குறித்துக்கொண்டு, வாங்கிய அன்றே ஆய்வைத் தொடங்குங்கள்.

ஊருக்கு அனுப்பலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். என் தம்பியும் கேட்டான். இந்திய ஆயுதச் சட்டம் 1959இன் 45ஆம் பிரிவு பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தும்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால்தான். வேலை செய்யும் கேப்பு ரிவால்வர் அதற்குள் வராது, பிரிட்டனில் சுதந்திரமாக வைத்திருக்க முடிவது அங்கே உரிமம் கேட்கும் பொருளாகிவிடும். அமெரிக்காவில் 1898 வரை தயாரானவை கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள், ஆகவே அங்கே 'பழம்பொருள்' என்று விற்கப்படும் தோட்டா ரிவால்வர் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டதாகவே இருக்கலாம். எல்லை தாண்டும் எதையும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகத் துணியாதீர்கள்.

கடைசியில் ரிவால்வரை வேறொரு ஏலத்தில் விற்றேன். நான் கண்டுபிடித்த அனைத்தையும், பர்மா, நோய் விடுப்பு, பதக்கப் பட்டியலில் பெயர் இல்லாதது உட்பட, ஒரு கோப்பாக்கிப் பெட்டியோடு வைத்தேன். பட்டியலிலும் அப்படியே அச்சிட வேண்டும் என்று நின்றேன். அவர் லக்னோவில் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் விலை கூடும் என்று ஜாடையாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். 1,650 பவுண்டுக்குப் போனது. விற்பவர் கமிஷன் 15 விழுக்காடும் அதன் வரியும் போக 1,353 கைக்கு வந்தது. ரயில், தங்கல், ஆய்வாளர் செலவெல்லாம் சேர்த்தால் 3,500 பவுண்டுக்கு மேல் இழப்பு. வாங்கியவர் பர்மாப் போர்ப் பொருட்களைச் சேர்ப்பவராம். கோப்பில் ஒரு தாளில் கேள்வி இருந்தால் எழுதலாம் என்று என் மின்னஞ்சலைக் குறித்து வைத்திருந்தேன். அவர் எழுதினார், பெகுவில் அந்தப் படை முகாமிட்டிருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டு. என்னிடம் இருந்த குறிப்புகளை அனுப்பிவிட்டேன்.